பாதிச் சவரத்தில் பார்த்த மின்பொருத்தம்

இந்நிகழ்ச்சிக்கு முன் சங்கரன்கோவிலில் எனக்கு இருந்த நிலையை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். நான் மின்பொறியியல் பட்டதாரி. நூற்பாலை ஒன்றில் மின்பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் எந்தக் கம்பியையும் நான் கையால் தொட்டதில்லை. எந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்று சொல்வதே என் பதவி. இன்றும் எங்கள் தெருவில் ஒரு மீட்டர் கருகினால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்ட பின்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவார்கள்.

அந்த மதிப்பை ஈடாக வைத்துத்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். என் மனைவியின் அண்ணன் மகன் வக்கீல், முறைமாப்பிள்ளையும்கூட. அவனை ஒதுக்கிவிட்டு, கிணற்றுப் பாசனக் குடும்பத்தில் பிறந்து மின்பணி படித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பத்திரிகை வைத்த வீடுதோறும் "மாப்பிள்ளை என் துறை" என்று அறிவித்தேன். ஆகவே அவர் சறுக்கினால் அது என் சறுக்கல். மைத்துனர் வீட்டில் அதற்காகவே காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வளைகுடா நாடு ஒன்றில் உல்லாசக் கப்பல்கள் வந்து கட்டும் துறையில் தற்காலிகப் பணியில் சேர்ந்திருந்தார். கப்பல் கடலில் இருக்கையில் தன் ஜெனரேட்டரில் ஓடும். கரைக்கு வந்ததும் அதை அணைத்துவிட்டு, துறையில் நிற்கும் மின்தூணிலிருந்து கேபிள் மூலம் கரண்ட் எடுக்கும். கப்பலுக்கும் கரைக்கும் மின்சாரம் பொருந்துகிறதா என்று பார்த்து இணைப்பதே அவர் வேலை.

அன்று காலை ராஜபாளையம் சாலை சலூனில் எனக்குப் பாதி முகம் மழிக்கப்பட்டு, மீதிப் பாதியில் நுரை இருந்தது. அந்த நிலையில் வீடியோ அழைப்பு வந்தது.

"மாமா, வேலை போயிரும் போலிருக்கு. சாயந்தரம் கப்பல் ஓனர் வாராரு. அதுக்குள்ள ஏசி ஓடலைன்னா துறையில சொல்லி ஊருக்கு டிக்கெட் போட வச்சிருவேன்னு கேப்டன் சொல்லுதாரு."

"பதறாதீங்க மாப்ளே. வோல்டேஜ் பொருந்துதா?"

"பொருந்துது மாமா."

"ஃப்ரீக்வென்சி?"

"கரையும் ஐம்பது, கப்பலும் ஐம்பது."

"கேபிள் லோடு தாங்குமா?"

"தாங்கும்."

சவரக்காரர் கத்தியை நிறுத்தினார். "என்ன சார், ஜாதகமா பாக்கீய?"

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த வாசுதேவநல்லூர் விவசாயி விடவில்லை. "அண்ணாச்சி, நாடிப் பொருத்தத்தையும் கேட்டுருங்க. பொறவு பிள்ள இல்லன்னு வந்து நிப்பாவ."

நான் அவரைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். கரை மின்சாரம் கொடுத்ததும், ஏசிக்குக் கடல்நீர் இழுக்கும் பம்பு திருப்பிச் சுற்றியது. தண்ணீர் ஏறாமல் ஏசி நின்றது. இவர் உள்ளே இறங்கி, பம்பின் மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். பம்பு சரியானது. ஆனால் சமையலறைப் புகையை வெளியே தள்ளும் விசிறியும் திருப்பிச் சுற்றி, பொரித்த மீன் வாடையைக் கூடத்துக்குள் தள்ளியது. கேப்டன் கோபத்தில் கரை மின்சாரத்தை அறுத்து ஜெனரேட்டரைப் போட்டார். விசிறி நேராயிற்று, பம்பு தலைகீழாயிற்று.

"இங்கன போட்டா அது, அங்கன போட்டா இது மாமா. பேய் பிடிச்ச கப்பலா இருக்கு."

விவசாயி எழுந்தே விட்டார். "மோட்டார் திருப்பிச் சுத்துனா ரெண்டு வயர மாத்திப் போடணும். எங்க கிணத்துல நான் தூக்கத்துலயே போடுவேன். அந்த விசிறிக்கும் மாத்தச் சொல்லுங்க, முடிஞ்சுது சோலி."

என் மாப்பிள்ளை செய்ததும் இதே கிணற்று வேலைதான் என்பது அப்போது எனக்கு விளங்கிவிட்டது.

"உம்ம கிணறு கரண்டு தேடி ஊர் ஊராப் போகுமா வே?" என்றேன்.

"கிணறு எப்படிப் போகும்?"

"கப்பல் போகும். இந்தத் துறைக்குத் தக்கன மோட்டாரை மாத்தினா, அடுத்த துறையில எல்லாம் தலைகீழாயிரும். சொந்த ஜெனரேட்டர்ல முதல்ல எல்லாம் நேராத்தானே ஓடிச்சு? தப்பு கரையில இருக்கு. கரையைத்தான் மாத்தணும்."

"ஒரு கப்பலுக்காவ கரையை மாத்தச் சொல்லுதாரே!" என்று அவர் சவரக்காரரிடம் முறையிட்டார்.

மாப்பிள்ளையை இனி எதையும் தொட விடமாட்டேன் என்று கேப்டன் கூறிவிட்டாராம். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சிவந்த முகத்துடன் ஒரு வெள்ளைக்காரர் திரையில் தோன்றினார். என் முகத்தைச் சற்று அதிகமாகவே பார்த்தார். நான் ஆங்கிலத்தில் என் பட்டத்தையும் பதவியையும் கூறி, பின் விஷயத்துக்கு வந்தேன்: மின்சாரத்தை முழுதும் நிறுத்துங்கள், உங்கள் பம்பின் வயர்களைப் பழையபடியே போடட்டும், கரைத் தூணிலிருந்து வரும் மூன்று வயர்களில் மட்டும் இரண்டை இடம் மாற்றட்டும், உங்கள் கப்பலில் வேறெதையும் தொடத் தேவையில்லை.

"சரியாகாவிட்டால்?" என்று கேட்டார்.

"டிக்கெட்டை நானே எடுக்கிறேன்," என்றேன். மைத்துனர் முகம் மனதில் வந்து போனது.

அழைப்பு துண்டிக்கப்பட்டது. சவரக்காரர் மீதி முகத்தைத் தொட வந்தார். "பொறும்," என்றேன். காத்திருந்தோம். நுரை காய்ந்து தோலை இழுத்தது. விவசாயி தம் முறையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. மாப்பிள்ளை முதலில் புகைபோக்கி விசிறியைக் காட்டினார். அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு பம்பைக் காட்டினார். பிறகு ஏசித் துவாரத்தில் படபடத்த ஒரு காகிதத்தை.

"ஜெனரேட்டர்லயும் போட்டுப் பாத்தாச்சு மாமா. நேராத்தான் சுத்துது."

"பொருத்தம் பாத்தவரு கெட்டிக்காரரு," என்றார் சவரக்காரர். அதற்காக அவருக்கு நன்றி கூறினேன். அவர் புதிதாக நுரை பூசினார்.

மாப்பிள்ளையின் பணி நிரந்தரமாயிற்று. மைத்துனர் வீட்டுக்கு இதை நானே நேரில் சென்று தெரிவித்தேன்; காபி கொடுத்தார்கள்.

ஆனால் அந்த விவசாயி கடைத்தெருவில் வேறு கதையைப் பரப்பிவிட்டார். கப்பலைச் சரிசெய்தது தம் யோசனை என்றும், நான் பாதிச் சவரத்தோடு ஆங்கிலம் பேசியதில் கப்பலே பின்னோக்கி ஓடிவிட்டது என்றும் சொல்கிறாராம். அவர் மாற்றச் சொன்னது கப்பலின் விசிறியை. மாற்றப்பட்டது கரைத் தூணின் வயர். கப்பல் பின்னோக்கி ஓடவில்லை. அது கட்டிக் கிடந்தது.