அக்காவின் பெட்டிக்கு நான் கொடுத்த நற்சான்று

எங்கள் குடும்பத்தில் யாராவது மின்சாரத்தில் ஓடும் சாமான் ஒன்றை வாங்கினால், நான் வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை அதன் பொலித்தீன் உறையைக் கழற்றமாட்டார்கள். அட்டைப் பெட்டியும் சாமான் நசுங்காமல் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் கட்டைகளும் கதிரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். கடைக்காரர் ஏழு நாளைக்குள் கொண்டுபோனால் மாற்றித் தருவார். ஆகவே ஏழு நாளைக்குள் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் ரேடியோ, கசெட், அம்பிளிபயர் என்று திருத்தியும் விற்றும் பிழைத்தவன் நான். காது இன்னும் நன்றாகக் கேட்கும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். மச்சான் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய டிவியைப் பார்த்து, இந்த நிறத்தில் மனிதர் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். மனைவியின் தங்கை வீடு குடிபுகுந்த அன்று போட்ட ஸ்பீக்கரை, விருந்தினர் நிறைந்திருந்த நேரத்தில், தகரத்துக்குள் சில்வண்டு என்றேன். அவர்கள் அதை அன்று பின்னேரமே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஒரு சாமானை நல்லது என்று சொன்னதாக ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை, ஒரே ஒருமுறை தவிர.

அந்த ஒரு முறை என் அக்காவின் வீட்டில் நடந்தது. அக்காவுக்கு எழுபது வயதாகப் போகிறது. அத்தான் போனபிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் நகரின் மறுபக்கத்தில், வெள்ளவத்தையில். நாற்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் பின்னேரப் பூசை முடிந்ததும் ஐயர் திரும்பிப் பார்ப்பார். அக்கா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பூசை முடிவில் பாடும் ஐந்து திருமுறைப் பாட்டான பஞ்சபுராணம் பாடுவாள். முறையாகப் படித்த சங்கீதம் இல்லை. ஆனால் அவள் பாடத் தொடங்கினால் வாசலில் செருப்புப் போட்டவர்களும் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதிலேயே அந்தக் குரலை ஓர் இசைத்தட்டில் எடுத்திருந்தார்கள். எங்கள் பாட்டு வாத்தியார் எழுதிய முருகன் பாட்டு. சின்னத் தட்டு, நடுவில் பெரிய ஓட்டை. ஒரு பக்கத்தில் அக்கா பாடுவது, மறுபக்கத்தில் நான் பாடுவது என்றுதான் அப்பா ஒழுங்குபடுத்தியிருந்தார். எனக்குப் பதினைந்து வயது, குரல் உடையும் காலம். ஒலிப்பதிவு அறையில் இரண்டாவது வரியில் என் தொண்டை சேவல் குஞ்சு மாதிரிக் கத்திவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், மல்லியை, அதாவது தம்பியை, வெளியே விடுங்கள் என்று சிங்களத்தில் அப்பாவிடம் சொன்னார். நான் படியில் போய் இருந்தேன். மறுபக்கத்தில் வயலின்காரர் அதே மெட்டை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டு வெளிவந்ததும் ரேடியோவில் சில தடவை போட்டார்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்து அக்காவைப் பார்த்தார்கள். அப்போது மாமா ஒருவர் என்னைக் கேட்டார்.

"நீ வெளியிலை செருப்புக்குக் காவல் இருந்தனியாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பாட முடியாதவன் கேட்பதில் கெட்டிக்காரன் ஆனது அந்தப் படியிலிருந்துதான். அந்தச் சிரிப்பை நான் ஐம்பது வருடம் பழுதாகாமல் வைத்திருந்தேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் பழைய வீடு எரிந்தபோது ரேடியோகிராமும் தட்டும் சேர்ந்து எரிந்தன. அதன்பிறகு அக்கா தன் குரலைக் கேட்டதில்லை. போன வருடம் பம்பலப்பிட்டியில் அவளோடு படித்த ஒருவர், பழைய வீட்டைத் தொடர்மாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கச் சாமான் ஒதுக்கும்போது, ஒரு பிரதி கிடைத்தது. அக்கா அதைப் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் தட்டுப் போடும் நல்ல பிளேயர் ஒன்று இருக்கிறது. பாரமானது, கால் நாலுக்கும் ரப்பர், யாரும் தொட விடமாட்டேன். தட்டை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன்.

"இதைப் போட்டால் என்ரை ஊசி கெட்டுப் போகும்" என்றேன்.

குசினியில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். பிளேயர் விலையான சாமான்தானே என்று சொல்லி அக்கா தட்டைத் திரும்பப் பேப்பரில் சுற்றி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஊசி கெட்டுப் போகாது. தண்ணீரும் மெல்லிய துணியும் இருந்தால் பத்து நிமிடத்தில் அந்தத் தட்டைத் துடைத்துப் போட்டிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று கிழமை கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. காலி வீதி என்னும் எங்கள் பெருந்தெருவில், என் ஒழுங்கையிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள கடையில், எல்லாம் ஒன்றாக உள்ள ஒரு பிளேயர் பெட்டி வாங்கியிருக்கிறாளாம். வெள்ளவத்தை வரை வந்தவள் என்னிடம் வராமலே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் ஒருமுறைகூடத் தட்டைப் போட்டுப் பார்க்கவில்லையாம். நான் வந்து சொன்னால்தானாம். வாங்கி நாலாம் நாள் அது.

அன்றே நான் போனபோது பெட்டி சாப்பாட்டு மேசையில் லேஸ் துணியின்மேல் இருந்தது. வீட்டில் எப்போதும் நைட்டியோடு இருப்பவள் அன்று சேலை கட்டியிருந்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி பழைய காலத்துச் சூட்கேஸ் மாதிரி, மண்ணிற ரெக்சின், மூலைக்கு மூலை பித்தளை நிறத்தில் பிளாஸ்டிக். மூடியைத் திறந்தால் தட்டுச் சுழலும் இடம், முன்னால் சோடா மூடியளவு இரண்டு ஸ்பீக்கர், ரேடியோ, போனிலிருந்து பாட்டு எடுக்க ஒரு பொத்தான். ஊசி பிடிக்கும் கை முழுக்கப் பிளாஸ்டிக், அதன் நுனியில் சிவப்பு ஊசி. தூக்கிப் பார்த்தேன், ஒரு கோழியைவிடப் பாரம் குறைவு. மேசையில் தட்டினால் அந்தத் தட்டுதல் ஸ்பீக்கரில் கேட்டது. நியாயமாகச் சொன்னால், ரேடியோவும் போனும் கேட்க அது போதும், தட்டுப் போட அது கூடாது. இதைவிட மோசமான வசனங்களைப் பஸ்ஸிலேயே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

முதலில் தட்டைப் போடு என்றாள். நடு ஓட்டைக்குரிய பிளாஸ்டிக் வில்லையை வைத்து, வேகத்தை நாற்பத்தைந்துக்குத் திருப்பி, ஊசியை இறக்கினேன். அக்கா கதிரை நுனியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள். வயலின் தொடங்கியது, பிறகு குரல் வந்தது.

குரல் ஆடியது. நீட்டிப் பிடிக்கிற இடமெல்லாம் தாழ்ந்து, மேலே ஏறி, திரும்பத் தாழ்ந்தது. பத்தொன்பது வயதுப் பெண் காய்ச்சலில் கிடந்து பாடுவது போல இருந்தது. அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் வரியில் இருந்த வெளிச்சம் மூன்றாம் வரியில் இல்லை. பாட்டு முடியுமுன் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

அவள் அங்கே நின்ற நேரத்தில் நான் என் வேலையைச் செய்தேன். பேப்பர்த் துண்டு ஒன்றைக் கிழித்துத் தட்டின் விளிம்பில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினேன். நாற்பத்தைந்து வரவேண்டும். நாற்பத்திரண்டுதான் வந்தது, அதுவும் ஒரே சீராக இல்லை. உள்ளே சுழற்றுகிற ரப்பர் பட்டி இளகியிருக்கிறது. கடையில் கொடுத்தால் வேறு பெட்டி தருவார்கள். இன்னும் மூன்று நாள் இருந்தது. பேப்பர்த் துண்டைப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"தம்பி, மறைக்காமல் சொல்லு. பிழை பெட்டியிலையோ, என்னிலையோ?"

நான் ஒரு வாய் குடித்தேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பதில் ஐம்பது வருடமாக என் வாய்க்குள் இருந்தது.

"பெட்டி நல்ல பெட்டி அக்கா. இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது."

"வயலினும் சேர்ந்துதானே ஆடுது?"

"வயலின்காரர் பாடுறவைக்குப் பின்னாலைதான் வரவேணும். நீங்கள் வழுக்கின இடமெல்லாம் அவரும் வழுக்கியிருக்கிறார்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பெட்டியின் மூடியிலிருந்த பொலித்தீனை மெதுவாக உரித்து, மடித்து வைத்தாள். நான் சரி சொன்னால் உறையைக் கழற்றுவது எங்கள் வழக்கம். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அக்காவின் பெட்டி எப்படி என்று மனைவி கேட்டாள். நல்ல பெட்டி என்றேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நாலு மாதம் நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவில்லை. போனில் கதைக்கும்போது அக்கா சாதாரணமாகத்தான் கதைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், பின்னேரம் கோயிலுக்குள் நுழைந்தேன். தீபம் காட்டி முடிந்தது. ஐயர் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். அக்கா எப்போதும் நிற்கும் தூணடியில் வேறொரு பெண் நின்று, கையிலுள்ள புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். அக்கா கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அவளை நோகடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நோகும், இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை வரும், பாடுவாள் என்று நினைத்திருந்தேன். பூசை முடிந்து அவளோடு வீட்டுக்கு நடந்தேன். ஏன் பாடவில்லை என்று கேட்டேன்.

நாற்பது வருடம் அந்தச் சனம் எப்படிப் பொறுத்ததோ தெரியாது என்றாள். ஐயரும் பாவம் பார்த்துத்தான் தன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. இதையெல்லாம் அவள் கோபமில்லாமல், அடுத்தவீட்டுக் கதை சொல்வது போலச் சொன்னாள். வீட்டு வாசலில் திறப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது என் தோளைத் தொட்டாள்.

"நீ ஒருத்தனாவது உண்மையைச் சொன்னாய். நல்லது செய்தாய் தம்பி."

உள்ளே போய் இருந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர்த் துண்டு, நாற்பத்திரண்டு சுற்று, இளகிய பட்டி, அன்றைக்கு ஒலிப்பதிவு அறை வாசலில் நான் இருந்த படி, மாமா கேட்டது, அவள் சிரித்தது. பொறாமையில் சொன்னேன் அக்கா என்றேன். மாமா கேட்டதோ தான் சிரித்ததோ அவளுக்கு நினைவே இல்லை. தட்டை எடுங்கள், என் வீட்டுப் பிளேயரில் இன்றைக்கே போட்டுக் காட்டுகிறேன், ஊசி எக்கேடும் கெடட்டும் என்றேன்.

தட்டு இல்லை. முனிசிபல்டி லொறி உக்காத குப்பை எடுக்கிற நாளில், இரண்டாக உடைத்து, வெற்று யோகட் கோப்பைகளோடு கொடுத்துவிட்டாளாம்.

நான் எழும்பிப் போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து பொத்தானைத் திருப்பினேன். சுழலவே இல்லை. தட்டுப் போடாமல் கிடந்ததில் பட்டி முழுதாகக் கழன்றுவிட்டது. புதுப் பட்டி போட்டால் சரியான வேகத்தில் ஓடும். சரியான வேகத்தில் ஓடினால், அன்று அது பிழையாக ஓடியதற்கு எனக்குச் சாட்சி இல்லை. அவள் பின்னால் வந்து என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"பாவம் பார்த்து இப்ப பொய் சொல்லாதை. ஆரின்ரை சாமானையும் குறை சொல்லுற ஆள் நீ. இதை மட்டும் நல்லதெண்டு சொன்னனி. அப்ப அது நல்லதாத்தான் இருக்கும்."

பட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் தொடர்பில்லை, ரேடியோவும் போனும் வேறு, தட்டு வேறு என்று விளக்கினேன். அவள் என்னைப் பேசவிட்டுவிட்டு, போனை எடுத்து ஏதோ அழுத்தினாள். காலையும் மாலையும் இதில்தான் சாமிப்பாட்டுக் கேட்கிறாளாம். சோடா மூடியளவு ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் பாடத் தொடங்கினாள். நீட்டிப் பிடிக்கிற இடத்தில் அக்கா விரலை உயர்த்தினாள்.

"இப்ப கேள். எங்கை ஆடுது?"

கேட்டேன். எங்கேயும் ஆடவில்லை.