ஊதா திரும்பும் வரை

நாற்பத்திரண்டு சோதனைக் குழாய்கள். நாளைய செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லி ஊதாக் கரைசல் வேண்டும். ஆய்வக உதவியாளர் குப்பியை ஒரு வெள்ளைத் தாளின் முன் சாய்க்கிறார், ஒரு கண்ணை மூடுகிறார். "இன்னும் நீலத்துப் பக்கமே நிக்கிறியே" என்று அதட்டி, மூன்று சொட்டுத் தண்ணீர் விடுகிறார்.

இருபத்தாறு வருட வேலை. பள்ளி முழுவதற்கும் அவர் 'லேப் அக்கா'. குப்பிகளோடு பேசுவார், மனிதர்களோடு அதைவிடக் குறைவாக. கோபால்ட் குளோரைடு அவருடைய செல்லம். தண்ணீர் கூடினால் இளஞ்சிவப்பு, அமிலம் கூடினால் நீலம், இரண்டும் சரிக்குச் சரி இருந்தால் ஊதா. சூடு நீலத்துக்குத் தள்ளும், குளிர் சிவப்புக்கு இழுக்கும்.

"நிறம் மாறவே இல்லையே, வினை நின்னுடுச்சாக்கா?" என்று வருடத்துக்கு ஒரு மாணவியாவது கேட்பாள்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுற பஸ்ல வந்து பாரு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் பத்துப் பேர் இறங்குவாங்க, பத்துப் பேர் ஏறுவாங்க. கூட்டம் அப்படியேதான் இருக்கும். அதுக்காக யாரும் அசையலன்னு சொல்லுவியா?"

செய்முறைத் தேர்வு அன்று காலை எட்டு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது, முந்தின மாலை நிரப்பி வைத்த குழாய்கள் அத்தனையும் இளஞ்சிவப்பு. புதிதாகப் பொருத்திய ஏசியைப் பதினெட்டில் ஓடவிட்டு யாரோ போயிருந்தார்கள். வினாத்தாளின் முதல் வரியோ, 'கொடுக்கப்பட்ட ஊதாக் கரைசலைச் சூடாக்கி' என்று தொடங்குகிறது. கோபால்ட் உப்பு ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. ஒன்பதரைக்குத் தேர்வாளர் வருவார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான வேதியியல் ஆசிரியை ஓடி வந்தார். "ஐயோ, கெட்டுப்போச்சா? ரெண்டு ரெண்டு சொட்டு அமிலம் விடுங்கக்கா, டக்குனு திரும்பிடும்."

"திரும்பும் மிஸ். அப்புறம் நாப்பத்திரண்டு பர்னர் எரியும், ரூம் சூடாகும். எல்லாம் நீலத்துல போய் உக்காந்துக்கும். பிள்ளைங்க சூடு பண்ணினா என்னத்த மாறும்? என்னத்த எழுதுவாங்க?"

"அப்ப தண்ணி விட்டுச் சரிபண்ணலாம்ல?"

"விட்டா வெளுக்கும். குளிர் பண்ணின வேலைக்கு அமிலத்தை எதுக்கு வம்புக்கு இழுக்கணும்?"

"திரும்பலன்னா என் வேலை போச்சுக்கா."

"பயப்படாதீங்க. அந்த வரிசைல உங்களுக்கு முன்னாடி நான் நிக்கிறேன்."

ஏசியை அணைத்து, ஆறு சன்னல்களையும் விரியத் திறந்தார். ஆசிரியையின் பார்வை அமிலக் குப்பி மேலேயே இருந்ததால், அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா இருந்தார். இத்தனை வருடத்தில் அவர் செய்த கடினமான வேலை அதுதான்.

ஒன்பது மணிக்கு வெயில் படும் மேசையில் ஊதா தெரிந்தது. ஒன்பதே காலுக்கு நடு மேசையிலும். கடைசி மேசையில் எட்டுக் குழாய்கள் மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தன.

அவர் எழுந்து போய் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திப் பிடித்தார். தேர்வாளர் உள்ளே வந்து வணக்கம் சொன்னபோது எட்டாவது குழாய் கைக்குள் இருந்தது. தலையை மட்டும் அசைத்தார், கையை எடுக்கவில்லை.

மணி அடித்தது. மாணவிகள் உள்ளே வந்தார்கள்.