டிரம்ம தீயில காட்டினேன்

நேத்து பேத்தி போன்ல ஒண்ணு காமிச்சா. முடி வளத்த நாலு பேரு கிட்டாரு வச்சிக்கினு குதிக்கிறானுங்க, பின்னாடி வரிசையா புள்ளைங்க குந்திக்கினு பிடிலு இழுக்குதுங்க. "ஆயா, இதெல்லாம் நீ எங்க பாத்திருக்கப் போற"ன்றா. பாத்ததா? ஒரு தபா நானே மேடை ஏறினவடி. ஏறி இன்னா கிழிச்சேன்னு கேளு.

அப்ப எனுக்கு பத்து வயசு இருக்கும். உத்திரமேரூர் பக்கம் எங்க ஊரு ஸ்கூலு ஆண்டு வியாவுக்கு மெட்ராஸ்லேர்ந்து கரண்டு கிட்டாரு பார்ட்டி வருது, நம்ம ஸ்கூலு பேண்டு புள்ளைங்களும் அவங்களோட சேர்ந்து வாசிக்கணும்னாங்க டீச்சரு. பேண்டுன்னா இன்னா, நாலு புல்லாங்குழலு, ரெண்டு ஜால்ரா, ஒரு டிரம்மு. டிரம்மு எனுக்கு. எங்க நைனா பறை அடிக்கிறவரு, அதனால எனுக்கும் கையில வரும்னு டீச்சருக்கு ஒரு நெனப்பு.

நைனா அடிக்கிறத வுட்டு அப்ப ஒரு வருசம் ஆயிருந்துச்சி. ஊர்க்காரங்க சாவுக்கும் திருவியாவுக்கும் இனிமே நம்மள்ல யாரும் அடிக்கக்கூடாதுன்னு காலனியே கூடி பேசி வச்சிருந்தாங்க. மொதல்ல பேசினதே நைனாதானாம். அதுலேர்ந்து ஊர்க்காரங்க ஒருத்தரும் அவர கழனி வேலைக்கு கூப்புடல. அம்மாதான் பக்கத்து ஊருக்கு நடந்து போயி நாத்து நட்டுட்டு வரும். பறை கூரையில தொங்கிக்கினு இருந்துச்சி. எனுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? என் டிரம்மு உண்டு, நான் உண்டு.

வியா அன்னிக்கு மத்தியானம் தூத்தல் போட்டுச்சி. டிரம்ம தட்டினா சத்தம் சொதசொதன்னு கீது. நைனா இன்னா பண்ணுவாரு? தீ மூட்டி பறைய காட்டுவாரு, தோலு இறுகி கணகணன்னு பேசும். நானும் சமையல் கொட்டாயிலேர்ந்து காஞ்ச ஓலைய உருவி, ஸ்கூலுக்குப் பின்னாடி கொளுத்தி காட்டினேன். அது தோலு இல்ல, பிளாஸ்டிக்குன்னு யாரு சொன்னா எனுக்கு? அப்பளம் மாரி சுருண்டு போயி நடுவுல ஓட்டை. என் தலையே பூந்துடும்.

ஹெட்மாஸ்டரு வந்து பாத்தாரு. டி.சி.ய குடுத்துடறேன், உங்கப்பன இட்டுக்கினு வான்னுட்டாரு. மொத வரிசையில வெள்ளை வேட்டி கட்டிக்கினு குந்தியிருந்த ஊர் பெரியவருதான் குறுக்க வந்தாரு.

"பாவம், கொயந்த சார். டி.சி. இன்னாத்துக்கு? அவங்கப்பன பறைய எடுத்துக்கினு வரச் சொல்லு. டிரம்முக்கு பதிலா அடிச்சிட்டு போட்டும்."

வூட்டுக்கு ஓடினேன். நீ வந்து அடிச்சாத்தான் நாளைக்கு நான் ஸ்கூலுக்கு போவ முடியும்னு அயுதேன். பெரியவரே சொல்லிட்டாருன்னேன்.

"அவரா சொன்னாரு?"

"ஆமா நைனா. நல்லவரு. டி.சி. வாணான்னுட்டாரு."

நைனா சிரிச்சாரு. பறைய கூரையிலேர்ந்து எறக்கி, ஒரு வருசத்து தூசிய துண்டால தொடச்சாரு.

கிட்டாரு பார்ட்டி மேடையில, புள்ளைங்க மேடையில, நைனா மட்டும் கீய, ஈரமண்ணுல. என் கையில ஜால்ராவ குடுத்து மேல ஏத்திட்டாங்க. நைனா அடிக்க ஆரம்பிச்சாரு பாரு, கிட்டாருக்காரன் வாய தொறந்துக்கினு அவரையே பாக்கிறான். பெரியவரு எயுந்து நின்னு கை தட்டினாரு. பக்கத்துல இருந்தவராண்ட இன்னாமோ சொல்லி சிரிச்சாரு. வேலிக்கு அந்தாண்ட எங்க காலனி சனம் நின்னுக்கினு இருந்துச்சி. ஒரு கை தட்டல. எனுக்கு வந்துச்சே கோவம். பொறாம புடிச்சதுங்க.

மறுநாளு கொயாயடியில எங்கம்மா கொடத்துக்கு ஒருத்தியும் வயி வுடல. வெடிஞ்சி கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஊர்லேர்ந்து ஒரு ஆளு வந்தான். அங்க ஒரு சாவாம், பறைய எடுத்துக்கினு வரணுமாம். நைனா அவன வாசல்லயே நிக்க வச்சிட்டு மொகம் கய்வப் போனாரு.

நான்தான் தெரு முனை வரிக்கும் ஓடி, ஒரு வூடு வுடாம சொன்னேன், எங்க நைனா அடிச்சது ஊருக்கே அவ்ளோ புட்சிப்போச்சி, மறுபடியும் ஆளு வுட்டு கூப்புடறாங்கன்னு.