பூச்சாடியாகிப்போன கிணற்று வாளி

இன்று கதிரவெளியில் ஒரு பட்டறை. வீட்டில் கழித்துப் போடுகிற பொருள்களில் அலங்காரச் சாமான் செய்யக் கற்றுத்தருகிறேன் என்று கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். அவருடைய ஆங்கிலத்தை மொழிபெயர்க்கப் போனது நான்.

ஆளுக்கொரு வேண்டாத பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சுனாமிக்கு ஒரு தரம், ஷெல்லடிக்கு ஒரு தரம் என்று எல்லாவற்றையும் விட்டு ஓடிய ஊரில் வேண்டாத பொருளுக்கு எங்கே போவது? வெறுங்கையோடு போனால் பெயர் பதியமாட்டார்கள் என்று பயந்து, புழங்குகிற சாமான்களையே பெண்கள் தூக்கி வந்திருந்தார்கள்.

புஷ்பம் அக்கா கொண்டுவந்தது நிவாரணத்தில் கிடைத்த எண்ணெய் டின். வாயில் குறுக்குத் தடி அடித்து, கயிறு கட்டி, மூன்று வருடமாக அதுதான் அவருடைய கிணற்று வாளி.

மிஸ் தடியைப் பிடுங்கி எறிந்தார். அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை போட்டார். ரோஸ் பெயின்ட் அடித்து, மண் நிரப்பி, ஒரு குரோட்டன் நட்டார். கைதட்டச் சொன்னார், தட்டினோம். போட்டோவும் எடுத்தாயிற்று.

"இனிக் கிணத்துத் தண்ணிய என்னத்தால புள்ள அள்ளுற?" என்று அக்கா என் காதுக்குள் கேட்டார்.

என்ன சொல்கிறார் என்றார் மிஸ். வடிவாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

வாகனத்தில் ஏறும்போது மிஸ் அக்காவுக்கு ஒரு கட்டளை போட்டார். செடிக்குத் தினமும் இரண்டு நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

எதில் அள்ளி ஊற்றுவது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அதையாவது ஒழுங்காக மொழிபெயர்த்து அனுப்புகிறேன்.