மூடியில் வைத்த சந்தனம்

அந்த வருடம் ஆயுத பூசையன்று, கண்டியில் நான் வேலை பார்த்த மோட்டார் பட்டறைக்கு வந்த கார்களுக்கெல்லாம் நான்தான் பொட்டு வைத்தேன். கலஹா பக்கத்துத் தோட்டத் துரையின் காரும் வந்திருந்தது. அதன் பெட்ரோல் தொட்டி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும். தொட்டியின் பித்தளை மூடி பளபளத்தது. அதன் நடுவில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். டிரைவர் கும்பிட்டுவிட்டு ஓட்டிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, கார் தோட்டத்தில் நின்றுவிட்டது, கிளம்பமாட்டேன் என்கிறது என்று ஆள் வந்தது. போனேன். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே மூச்சு முட்டின மாதிரி நின்னுருச்சு தம்பி. பெட்ரோல் இறங்குதான்னு ஒருக்கா பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. கொழும்பில் தொழில் பழகியவனுக்கு இவர் பாடம் சொல்வதா? பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா, குழாயைக் கழற்றிப் பெட்ரோல் சொட்டுகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் போதும். நான் பார்க்கவில்லை. காரைக் கிளப்பும் ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றேன். எப்படி எரிந்தது என்று துரை கேட்டார். டிரைவர் மழையில் நனைய விட்டிருப்பார் என்று வாய் கூசாமல் சொன்னேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார்.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்த புதுக் காயிலோடு மூன்றாம் நாள் போனபோது அவர் அங்கே இல்லை. துரை கணக்கை முடித்து, வேலை நீக்கியதற்கான பற்றுச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிட்டாராம். அன்று காலைதான் குடியிருந்த காம்பராவைக் காலி செய்துகொண்டு, பெண்சாதி பிள்ளைகளோடு பேராதனை ரோட்டில் நடந்து போனாராம்.

புதுக் காயிலை மாட்டிச் சுற்றினேன். கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் தொட்டி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. மூடியின் நடுவில் காற்றுப் போக ஓர் ஊசித்துளை உண்டு. என் சந்தனம் அதில் காய்ந்து இறுகியிருந்தது. காற்றுப் போகாத தொட்டியிலிருந்து பெட்ரோல் எப்படி இறங்கும்? நகத்தால் சுரண்டினேன். மனசு கேட்காமல் பழைய காயிலையே திரும்ப மாட்டிச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். பிள்ளைகளோடு நடந்தவர் வெகுதூரம் போயிருக்க மாட்டார். அந்தக் காரிலேயே போய் அவரைத் திருப்பிக் கூட்டி வந்திருக்கலாம். காயில்தானே கோளாறு என்று துரை கேட்டார்.

"ஆமாங்க துரை" என்றேன், தரையில் கிடந்த புதுக் காயிலைச் சாக்குத் துண்டால் மூடிக்கொண்டே.