புகையின் நிறம்

என் மகன் பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டபடி போன் பேசிக்கொண்டிருந்தால் நானே போய் அணைத்துவிடுவேன். அவனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இது நடந்தபோது எனக்கு எட்டு வயது. தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா புதிதாக வாங்கியிருந்த பழைய கார் அளவுக்கு மீறிப் புகைவிட்டது. கோளாறு என்னவென்று தெரியாமல் கரோல் பாக் மெக்கானிக்கிடம் போனால் எஞ்சினையே இறக்கிவிடுவான் என்று அவருக்குப் பயம். அலுவலகத்தில் விசாரித்து வந்திருந்தார். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை விடாமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

ஆனால் வெளியே ஜனவரி மூடுபனி. அதில் எந்தப் புகையும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதனால் காரைக் கராஜுக்குள் விட்டு, பனி நுழையாதபடி ஷட்டரை முழங்கால் உயரம்வரை இறக்கினார். டிக்கியைத் தட்டினால் நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். அவர் ஷட்டர் இடைவெளியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் புகையைப் பார்த்தார்.

"அச்சா, மிதி. இன்னும் கொஞ்சம்."

எங்கள் காலனியில் வேறெந்தப் பையனுக்கும் கிடைக்காத வேலை. இருக்கை நுனியில் உட்கார்ந்து மிதித்தேன். தலை வலித்தது. சொன்னால் இறக்கிவிடுவார் என்று சொல்லவில்லை. பிறகு டிக்கி தட்டப்படுவது கேட்டது, கால்தான் நகரவில்லை. அப்பா நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அதட்டினார்.

டீ ஆறிப்போவதாகச் சொல்ல வந்த அம்மாதான் ஷட்டரைத் தூக்கியிருக்கிறாள். ஸ்வெட்டரைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டதும், இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்ததும் நினைவிருக்கிறது. பின்னாலிருந்து அப்பாவின் குரல், பரீட்சையில் தேறியவர் போல: "நீலம்தான். ஆயில்தான் எரியுது. தூங்கிட்டானா?"

"புள்ள மொகத்தப் பாருங்க."

பார்த்தார். டார்ச் கீழே விழுந்து உருண்டது. நிறமே இல்லாத விஷம் ஒன்றும் அந்தப் புகையில் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் வாந்தியெடுத்தேன். வேலையில் தூங்கியதற்காகத்தான் அடி என்று நினைத்து, "இனிமே தூங்க மாட்டேம்மா" என்று அழுதேன். என் குரல் கேட்டதும் அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து என்னை இறுக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டாள் என்றே அன்று எண்ணினேன்.