குக்கர்காரர் ஒதுக்கி வைத்த இரண்டு புட்டிகள்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர் குக்கர்காரர். செடி வளர்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் புட்டி கழுவ வந்தவர், பதினாறு வருடத்தில் ஆளுயர நீராவிக் குக்கருக்கே எஜமானாகிவிட்டார். கற்றாழைக் குருத்தை நகக்கண் அளவு நறுக்கி, புட்டிக்குள் சர்க்கரைக் கூழில் நட்டால் ஒன்று பத்தாகும். மருந்துக் கம்பெனிக்குப் போகும். ஆனால் கூழில் ஒரு கிருமி மிஞ்சினாலும் எல்லாம் பாழ். கூழைப் புட்டியோடு குக்கரில் வேகவைத்துக் கிருமி நீக்கிக் கொடுக்கும் கை அவருடையது. வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் என்று மனைவி இடிப்பாள். அதையும் பெருமையாகத்தான் வெளியே சொல்லித் திரிவார்.

ஒருநாள் அறுபது புட்டிகளில் பூஞ்சை பஞ்சுபோல் பூத்து நின்றது. பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டங்களைக் கோத்து வைத்திருந்த ஆய்வுக்கூட விஞ்ஞானி டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அறிக்கை எழுதினார்: வேக்காடு சரியில்லை. அதில் குக்கர்காரர் கையெழுத்துப் போட்டால் அன்றோடு வேலை போச்சு. முதலாளியம்மா காகிதத்தை நீட்டினார்.

அவர் பேனாவைத் தொடவில்லை. உள்ளே போய் இரண்டு புட்டிகளோடு வந்தார். ஒவ்வொரு ஈட்டிலும் வெந்த புட்டிகளில் இரண்டைத் திறக்காமல் ஒதுக்கி வைப்பது அவர் பழக்கம். எந்தப் பட்டதாரியும் சொல்லித் தந்ததல்ல. கூழ் பளிங்காகத் தெளிந்திருந்தது.

"இதுவும் அதே ஈடுதாம்மா. என் வேக்காடு கெட்டிருந்தா இதுவும்ல பூத்திருக்கணும்? திறந்ததுக்கு அப்புறம்தான் கெட்டிருக்கு."

"திறந்தது யாரு?"

"விருந்தாளிங்க வந்தன்னிக்கு இந்த அறுபதையும் டாக்டர் சாரே நட்டுக் காட்டினாரு. முகமூடி போட்டா பேச்சு கேக்காதுன்னு கழட்டிட்டாரு. திறந்த புட்டிமேல குனிஞ்சு முழுப் பாடமும் நடத்திட்டாரு."

பக்கத்தில் நின்ற டாக்டருக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், அன்றைக்குப் பொத்தாததற்கும் சேர்த்து. அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொல்லிப் போனவர், மத்தியானம் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். இப்போது குற்றவாளி காற்று. காற்றுக்குக் கோபம் வராது, குடும்பமும் கிடையாது; வசதியான ஆசாமி.

குக்கர்காரர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தார்.

"காத்துதான். நான் இல்லேங்கலை. யாரு வாயிலேருந்து வந்த காத்துன்னு ஒரு வரி சேத்துடுங்க சார், இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

முதலாளியம்மா பேனாவை எடுத்து டாக்டர் பக்கம் நகர்த்தினார்.